எந்தக் கட்சிச் சீட்டு

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் எந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டை வாங்கினேன் என்பது ஊருக்கே தெரியும். ஒஹாயோவில் அப்படித்தான். நவம்பர்த் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்சியும் மே மாதம் ஓர் உட்கட்சித் தேர்தல் வைக்கும். சாவடி மேசை முன்னால் நின்று, இந்தக் கட்சிச் சீட்டு கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதை அவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். வேலை வெட்டி இல்லாதவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர், எல்லாரும் பார்ப்பார்கள்.

எங்கள் வாட்லிங் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், நவம்பர்த் தேர்தல் வெறும் சம்பிரதாயம். நாற்பது வருஷமாக ஒரே கட்சிதான் ஜெயிக்கிறது. அதனால் நாங்கள் கட்சிக்குப் பெயர்கூடச் சொல்வதில்லை. ‘கட்சி’ என்றால் அது. மற்றது ‘அந்தக் கட்சி’. மே மாதம் எங்கள் கட்சிக்குள் ஜெயித்தவன்தான் சட்டசபைக்குப் போவான், ஆகையால் அதற்கு முன்னால் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடக்கிற விவாதம்தான் எங்களுக்கு எல்லாம். அந்த விவாதத்தைப் பதினாறு வருஷம் நடத்தியவள் நான், ரோவீனா பெக். கவுண்டியின் ஒரே ரேடியோவில் காலை ஆறு முதல் ஒன்பது வரை கத்துகிறவளும் நானே. யார் செத்தார், யார் நாய் தொலைந்தது, சோளம் என்ன விலை, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சாப்பாடு, இதுதான் என் தொழில். ஊர்ப் பத்திரிகை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. ஆக, ‘ஊடகம்’ என்று எங்கள் ஊரில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் என் ஒருத்தியைத்தான் திட்ட முடியும்.

இந்தத் தடவை சட்டசபை இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கிற கிரெக் மாஸ்ட். நல்ல பல்வரிசை, நல்ல கைகுலுக்கல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே கேட்டவனைச் சந்தோஷமாக அனுப்பிவைக்கிற வித்தை தெரிந்தவர். இன்னொருவன் கார்லிஸ் ஹம்மல். கிணறு தோண்டுகிறவன்.

கார்லிஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐம்பத்துநாலு வயது. கவுண்டியின் தெற்குப் பக்கத்தில் முக்கால்வாசி போர்வெல் அவன் கை வைத்ததுதான். யார் வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர், எங்கே சுண்ணாம்புப் பாறை, எங்கே மணல், எல்லாம் அவன் தலைக்குள் இருக்கிறது. ஆனால் மைக்கைக் கொடுத்துப் பேசு என்றால் தீர்ந்தது. முகம் சிவந்து, மாடு கன்று ஈனுவதைப் போல முக்குவான். வேடிக்கை என்னவென்றால், கேள்வி கேட்டால் பேசுவான். நேராக, ஒரே ஒரு கேள்வி, அவனுக்குத் தெரிந்த விஷயத்தில் கேட்டால் போதும், கணக்கு வாத்தியார் மாதிரி வரிசையாகச் சொல்லுவான். தானாக ஆரம்பிக்கத்தான் வராது.

அவன் தேர்தலுக்கு நின்றதற்கு ஒரே காரணம் கழிவுக் குட்டை. தெற்குப் பக்கத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று எட்டு ஏக்கரில் குட்டை வெட்டி, நகரத்துச் சாக்கடைக் கசடையும் இறைச்சிக் கூடத்துக் கழிவையும் கொண்டுவந்து கொட்டுகிறது. அதை உரம் என்று சொல்லி வயலில் தெளிக்கிறது. நாற்றத்துக்குக்கூட நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் போன வருஷம் பம்பு பழுதுபார்க்கப் போன வீடுகளிலெல்லாம் கார்லிஸ் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினான். பத்தொன்பது கிணறு. பதினாலில் நைட்ரேட், உரத்திலிருந்து நிலத்தடிக்கு இறங்குகிற உப்பு, அளவுக்கு மேல். லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அரசாங்கத்து அளவு. டீனா லட்விக் என்ற பெண்ணின் வீட்டில் முப்பத்தொன்று இருந்தது. அவளுக்குக் கைக்குழந்தை, புட்டிப்பால் குடிக்கிற குழந்தை. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது, ஆனால் பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் மூச்சைச் சுமக்காமல் போய் உதடு நீலம் பாரித்துவிடும் என்று கார்லிஸ் எனக்கு விளக்கினான். டீனாவிடம் காகிதத்தைக் காட்டி, கடையில் தண்ணீர் வாங்கு என்று சொல்லிவிட்டு வந்தான். அவளும் வாங்கினாள்.

இப்போது அந்தக் குட்டையை இரண்டு மடங்காக்கக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அனுமதிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியது கிரெக் மாஸ்ட். கடிதத்தின் நகல் கார்லிஸிடம் இருந்தது. ஜூன் மாதம் முடிவு. அதற்குள் மாஸ்டை ஊர் முன்னால் நிறுத்தி, எழுதினீர்களா இல்லையா என்று கேட்க வேண்டும். அப்புறம் கார்லிஸ் பக்கம் திரும்பி, கிணறுகளில் என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். விவாதம் ரேடியோவில் நேரடியாகப் போகும், தெற்குப் பக்கத்தில் ஒரு வீடு விடாமல் கேட்பார்கள். ஜெயிக்கிறானோ தோற்கிறானோ, விஷயம் வெளியே வந்துவிடும். நான் அந்த இரண்டு கேள்வியையும் மார்ச் மாதமே எழுதி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் டுவேன் ஆட்டிங்கர் தன் வேலையைக் காட்டினான். டுவேன் எங்கள் கட்சியின் கவுண்டித் தலைவன், டிராக்டர் விற்கிறவன். எல்லாப் பெண்களையும் ‘கண்ணு’ என்று கூப்பிடுவான். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த வருஷம் பிப்ரவரியில் தலைநகரில் ஆளுநர் பதவிக்கு நம் ஆட்களுக்குள் விவாதம் நடந்தது, டிவிக்காரர்கள் இரண்டு பேர் நடத்தினார்கள். ஒருத்தி, நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவள், வேட்பாளர்களைப் பார்த்து, உங்களில் எத்தனை பேர் பாம்பைக் கையில் பிடித்து ஜெபிக்கிற சபைக்குப் போகிறீர்கள் என்கிற தோரணையில் கேட்டாள். ஊரே கொதித்தது. நானும் கொதித்தேன், பொய் சொல்வானேன். நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க எதிரி வீட்டானை ஏன் கூப்பிட வேண்டும் என்று டுவேன் கேட்டபோது எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் சூட்டோடு சூடாக டுவேன் ஒரு விதி கொண்டுவந்தான். இனிமேல் நம் கட்சி விவாதத்தை நடத்துகிறவர் கடந்த பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கட்சிச் சீட்டு வாங்கியிருக்கக் கூடாது. ஏட்டைப் பார்ப்போம், இருந்தால் வெளியே. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். டிவிக்காரியை நினைத்துக்கொண்டு ஆட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை. அந்த ஏட்டில் என் பெயருக்கு நேரே அந்தக் கட்சிச் சீட்டு ஒன்று இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அந்தக் கட்சியில் ஷெரீப் பதவிக்கு, அதாவது கவுண்டிப் போலீஸின் தலைமைக்கு, இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி நெடுஞ்சாலைப் போலீஸில் இருபது வருஷம் இருந்தவள், கெட்டிக்காரி. இன்னொருவன் சுத்த மடையன். அவள் வந்தால் நவம்பரில் நம் ஆள் தோற்றாலும் தோற்பான். டுவேன் ஒரு சனிக்கிழமை காலை, தீயணைப்புக் கூடத்தில் பான்கேக் விருந்து வைத்து, நம்பகமான நாற்பது பேரைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை எல்லாரும் போய் அந்தக் கட்சிச் சீட்டை வாங்கி மடையனுக்குக் குத்துங்கள் என்றான். தலைவன் என்பதால் அவன் மட்டும் போகவில்லை. நான் போனேன். சிரித்துக்கொண்டே போனேன். மேசையில் இருந்த கிழவர் என்னைத் தெரிந்தவர், சந்தேகப்பட்டு ஒரு படிவத்தை நீட்டினார். அந்தக் கட்சியின் கொள்கையை ஆதரிக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். மடையன் ஜெயித்தான், நவம்பரில் தோற்றான், அந்தக் கெட்டிக்காரி வேறு மாநிலத்துக்கே போய்விட்டாள். அதே வருஷம் அதே வாயோடு மேடையில் நின்று, நடுநிலையாக நடத்துவேன் என்று சொல்லி விவாதமும் நடத்தினேன். அப்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. தண்டனை இல்லாத திருட்டு யாருக்கு உறுத்தும்?

அந்த நாற்பது பேரில் சாவடிக்குப் போகாத ஒரே ஆள் கார்லிஸ்தான். பொய் என்று தெரிந்த காகிதத்தில் கையெழுத்துப் போட வராது என்றான். சர்க்கரைப் பாகு ஒழுக ஒழுகத் தின்றுகொண்டே நாங்கள் அவனைக் கிண்டல் செய்தோம். பாதிரியார் என்று ரொம்ப நாள் கூப்பிட்டோம்.

விதி ஓட்டுக்கு வந்த அன்று கமிட்டியில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருவர். கார்லிஸ் தெற்கு வட்டத்து உறுப்பினன். நான் பின்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டுவேன் என் பெயரைச் சொல்லவே இல்லை, அவ்வளவு மரியாதை. ஏட்டின் நகலை எல்லாருக்கும் ஒன்று ஒன்றாகக் கொடுத்தான், என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் மை பூசியிருந்தது. அந்த மஞ்சளுக்குக் காரணம் அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏனென்றால் அவர்களும் பான்கேக் தின்றவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அவரவர் மஞ்சளும் வெளியே வரும். இருந்தாலும் என்மேல் இருந்த பழைய பாசத்தில் பன்னிரண்டு பேர் விதிக்கு எதிராகக் கை தூக்கினார்கள். ஆதரவாகப் பன்னிரண்டு. கார்லிஸ் மட்டும் பாக்கி.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் விதிக்கு ஆதரவாகத் தூக்கினான்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

“உனக்கு வேண்டிய கேள்விய நான் கேட்டிருப்பேன்லடா,” என்றேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் தூக்கினியா?”

“நீ அன்னிக்குக் கையெழுத்துப் போட்டே, ரோவீனா. பொய்யின்னு தெரிஞ்சே போட்டே. நான் தண்ணியில இருக்கறத இருக்குன்னு சொல்லுங்கன்னு ஊரக் கேக்கப் போறேன். உன் பேருக்கு நேரா இருக்கறத மட்டும் இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?”

“டுவேன்தானே அனுப்பினான்.”

“அனுப்பினான். நீ போனே.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. வேற யாரு நடத்தினாலும் தண்ணியப் பத்திக் கேக்காம இருக்க முடியாது, ஊர்ப் பிரச்சினை இல்லையா என்று அவனே எனக்குச் சமாதானமும் சொன்னான். அப்படி நம்பினான், பாவி. நேர்மையானவர்களோடு இதுதான் தொல்லை, அடுத்தவனும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள்.

மறுநாள் காலை நான் செய்ததைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். சோள விலையை வாசித்து முடித்ததும், மைக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பான்கேக், டுவேன், மடையன், படிவம், என் கையெழுத்து. என்னை அந்தக் கட்சிக்காரி என்கிறார்கள், நான் அந்தச் சீட்டு வாங்கியதே நம் கட்சிக்காகத்தான் என்றேன். பேசும்போது ரொம்ப வீரமாகத்தான் இருந்தது. பேசி முடித்து விளம்பரம் ஓடும்போதுதான் உறைத்தது. பாரபட்சம் இல்லாதவள் என்று நிரூபிக்கப் போய், பதினாறு வருஷமும் நான் பாரபட்சக்காரி என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதுதான் அவர்கள் நினைத்ததற்கு மாறு.

ஒன்பது மணிக்குள் முப்பது போன். அந்தக் கட்சிக்காரர்கள் நாலு பேர், எங்களுக்கு அப்பவே தெரியும் என்றார்கள். நம் ஆட்கள் நம்பவே இல்லை. மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறாள் என்றார்கள். டுவேன் போன் செய்யவில்லை, கடைக்கு வந்த பெண்களிடம் மட்டும், “பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல, கண்ணு,” என்று சிரித்தானாம். ரேடியோ முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் தேர்தல் முடிகிறவரை அரசியல் பக்கம் போகாதே, நாய் தொலைந்ததை மட்டும் சொல் என்றார்.

நெறியாளராக டிரெவர் ஸ்லோனைப் போட்டார்கள். நாற்பது வயது, கார் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு ‘உண்மை மட்டும்’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறவன். பத்து வருஷ ஏட்டில் அவன் பெயர் சுத்தம். முதல் ஏழு வருஷம் அவன் ஓட்டே போடவில்லை என்பதால் சுத்தம். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருகிறவர்களில் டுவேனின் டிராக்டர் கடையும் ஒன்று. இதையெல்லாம் பாரபட்சம் என்று யாரும் சொல்லவில்லை. நம்மவன் என்றார்கள்.

என் மானம் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு நான் அவன் கொட்டகைக்குப் போனேன். இரண்டு கேள்வியையும், பத்தொன்பது கிணற்று முடிவையும், மாஸ்ட் எழுதிய கடிதத்தின் நகலையும் ஒரு உறையில் வைத்து நீட்டினேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும், உனக்கும் நல்ல பெயர் வரும் என்று கெஞ்சினேன். அவன் மரியாதைக்காரன்தான், காப்பி கொடுத்தான். உறையைப் பிரித்து எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அப்புறம் உறையை மூடி மேசையில் வைத்து, ஊடகத்துக்காரர்கள் எழுதிக்கொடுத்ததை வாசிப்பதற்கு மக்கள் தன்னை நம்பவில்லை என்றான். வைத்துவிட்டுப் போங்கள், யோசிக்கிறேன் என்றான். வைத்துவிட்டு வந்தேன். அங்கேதான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டேன்.

விவாதத்தன்று விளையாட்டுக் கூடத்தில் உட்கார இடம் இல்லை. நான் டிக்கெட் வாங்கும் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேடையில் இரண்டு மேசை, நடுவில் டிரெவர், முன்னால் போக்குவரத்து விளக்கு மாதிரி ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் என்றால் பத்து விநாடி, சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். கார்லிஸ், தன் மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தான், அக்குளில் இறுக்கியது. சட்டைப் பையில் சோதனை முடிவுகள் புடைத்துக்கொண்டு நின்றன.

முதல் அரை மணி எல்லைச்சுவர், வெளிநாட்டுச் சண்டை, தலைநகரத்து வரி. கிணறு தோண்டுகிறவனிடம் வெளிநாட்டுச் சண்டையைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? தெரியாது என்றான், இரண்டு தடவை. கூட்டம் சிரித்தது. மாஸ்ட் எல்லாவற்றுக்கும் அழகாகப் பேசி, ஒவ்வொரு தடவையும் மஞ்சள் விளக்குக்குச் சரியாக முடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று வாய்க்குள்ளேயே முனகியதில் பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

கடைசிக் கேள்வி கார்லிஸுக்கு. டிரெவர் மேசையடியிலிருந்து என் உறையை எடுத்தான்.

அவன் அதை உயர்த்திக் காட்டினான். “இந்த உறைய ரேடியோக்காரங்க என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. நம்ம விவசாயிங்க நிலத்த நஞ்சாக்கறாங்க, நம்ம தண்ணி குடிக்க லாயக்கில்லன்னு இதுல எழுதியிருக்கு. கார்லிஸ், ஒரே வார்த்தைல சொல்லுங்க. நீங்க நம்ம விவசாயிங்க பக்கமா, ஊடகத்துப் பக்கமா?”

கூட்டம் கை தட்டியது, கேள்விக்கே கை தட்டியது. பச்சை விளக்கு எரிந்தது.

கார்லிஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். அதைப் பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். அவர்களில் பாதிப் பேரின் வயலில் அந்தக் கசடு கிடக்கிறது, இலவச உரம் என்று வாங்கிப் போட்டது. கம்பெனி ஏமாற்றியது என்பது அவனுக்குத் தெரியும், ஆனால் கேள்வி கம்பெனியைப் பற்றி அல்ல. விவசாயிகள் பக்கம் என்றால் காகிதம் பொய். காகிதம் உண்மை என்றால் இவர்கள் எதிரிகள். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய உண்மை அவனிடம் இல்லை, பொய் சொல்ல அவனுக்கு வராது. அவன் வாய் அசைந்தது. கார்லிஸ், கிணற்றைப் பற்றிச் சொல், எண்களைச் சொல், முப்பத்தொன்று என்று மட்டும் சொல் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் அவன் ரேடியோக்காரியின் ஆள் என்பது உறுதியாகியிருக்கும். அதனால் நானும் ஊமைபோல் நின்றேன்.

மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது. நன்றி கார்லிஸ் என்றான் டிரெவர்.

ரேடியோவில் கேட்டவர்களுக்கு அது ஒரு முழு நிமிஷ மௌனம். எங்கள் நிலையத்து வரலாற்றிலேயே அவ்வளவு நீளமான மௌனம் ஒலிபரப்பானதில்லை. இரண்டு பேர் போன் செய்து, உங்கள் ஒலிபரப்பு நின்றுபோய்விட்டதா என்று கேட்டார்களாம்.

நூற்றுக்கு எழுபத்தெட்டு மாஸ்டுக்குப் போயிற்று. தெற்கு வட்டத்திலேயே கார்லிஸ் தோற்றான். ஜூன் மாதம் அனுமதி கொடுத்துவிட்டார்கள். உள்ளூரில் எந்த ஆட்சேபமும் எழவில்லை என்று உத்தரவில் ஒரு வரி இருந்ததாம். கார்லிஸ் அதற்கப்புறம் வீடு வீடாகப் போனான். தேர்தலில் தோற்ற கடுப்பில் புலம்புகிறான் என்று கதவைச் சாத்தினார்கள். டீனா வீட்டுக்காரன் வாசலிலேயே நிறுத்தி, மேடையில் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், இங்கே என்ன பேச்சு என்று கேட்டு அனுப்பிவிட்டானாம். புதுக் குட்டை வெட்ட ஆரம்பித்த வாரம் கார்லிஸ் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. டீனா தன் பேச்சைக் கேட்க மாட்டாள், ஒரு பெண்பிள்ளை போனால் கேட்பாளோ என்னவோ, போய்ப் பார்க்கிறாயா என்றான். கை தூக்கியதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மத்தியானம் போனேன். டீனா நல்ல பெண், இருபத்தாறு வயது இருக்கும். ஒற்றைக் கையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். முன்பெல்லாம் வாசலில் அடுக்கியிருக்கும் தண்ணீர்க் கேன்களைக் காணோம். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். என் நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் அவள் நாய் கிடைத்தது என்று நன்றியும் சொன்னாள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“கேன் தண்ணி நிறுத்திட்டியாம்மா?” என்றேன்.

“ஆமாங்க. கார்லிஸ் சொன்னதால ஆறு மாசம் வாங்கினோம். அப்புறம் அன்னிக்கு ரேடியோல கேட்டோம். தண்ணி கெட்டதான்னு அவரையே நேரா கேக்கறாங்க, ஒரு வார்த்த சொல்லல. அம்புட்டுப் பேரு முன்னாடி. கெட்டதுன்னா சொல்லாம இருப்பாரா, அவர் பொய் சொல்ற ஆள் இல்லையே.”

அவள் சொன்னது சரிதான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

“தண்ணி கெட்டதும்மா. முப்பத்தொண்ணு. நான் காகிதத்தப் பாத்தேன்.”

“சும்மா குடுக்கறதில்ல, நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன்,” என்று அவள் பாத்திரத்தைக் காட்டினாள். “எங்க அம்மா சொன்னாங்க, கொதிச்சா எல்லாம் செத்துரும்னு.”

“கிருமின்னா சாகும். இது உப்பு மாதிரி, டீனா. தண்ணி வத்த வத்த மிச்சத்துல கூடத்தான் செய்யும். கொதிக்க வெச்சா இன்னும் மோசம்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஊர் சுற்றி விற்க வருகிறவனைப் பார்ப்பார்களே, வாங்கப் போவதில்லை ஆனால் விரட்டவும் மனமில்லை என்று, அப்படி ஒரு பார்வை.

“நீங்க ரேடியோக்காரங்க,” என்றாள். “நீங்க அப்படித்தான் சொல்லணும்.”

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சோதனைச் சாலை எண்ணைக் கொடுத்தேன், நீயே போன் பண்ணிக் கேள் என்றேன். அதுவும் அவர்கள் ஆட்கள்தானே என்றாள், மென்மையாகத்தான் சொன்னாள். என் வண்டியில் நாலு கேன் தண்ணீர் இருக்கிறது, இறக்கி வைக்கிறேன் என்றேன். வேண்டாங்க, வீட்டுக்காரருக்குப் பிடிக்காது என்றாள். பேசிக்கொண்டே பாத்திரத்தை இறக்கி ஆற வைத்து, பால்மாவை அளந்து போட்டு, புட்டியை மூடிக் குலுக்கி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள்.

குழந்தை இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்துக்கொண்டது. அது குடித்து முடிக்கிறவரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.